மூலநிரலைக் கேட்கும் பாத்தியதை

கடலூர் லாரன்ஸ் சாலையில் உள்ள ஒரு கடையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து பெட்டியைப் பிரிக்கிறவர், கருவியையும் அடாப்டரையும் ஒரு முழ நீளக் கேபிளையும் எடுத்துக்கொண்டபின், அடியில் மடிந்து கிடக்கும் மெல்லிய தாளைக் கண்ணெடுத்தும் பாராமல், பெட்டியோடு சேர்த்துப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடுவதே வழக்கம். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அச்சிட்ட அந்தத் தாளில், இந்தக் கருவியினுள் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியான மென்பொருள் இருக்கிறதென்றும், அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய, படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, வேண்டுகிறவர் யாராயினும் மூன்று ஆண்டுகளுக்குள் எழுதிக் கேட்டால், பிரதி எடுத்து அனுப்பும் செலவுக்குமேல் ஒரு காசும் வாங்காமல் கொடுப்போமென்றும் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கும். எல்லாக் கம்பெனிகளும் அந்தத் தாளை வைப்பதில்லை. வைக்கிறவர்களிலும் சிலர் எழுதிக் கேட்டால் பதில் போடுவதில்லை. பதில் போடுகிறவர்களிலும் சிலர், ஊரெல்லாம் ஏற்கெனவே கிடைக்கிற லினக்ஸ் கருநிரலை (கெர்னலை) அப்படியே அனுப்பிவிட்டு, தாங்கள் அதில் செய்த மாற்றங்களையும், அதைக் கருவியில் ஏற்றுவதற்கு வேண்டிய கட்டளைக் கோப்புகளையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மூலநிரலைக் கொடுப்பது கம்பெனியின் தயாள குணத்தைப் பொறுத்தது என்று நம்மில் படித்தவர்களே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது கொடையன்று, கடன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்து, 1989இல் ஜி.பி.எல். உரிமத்தின் முதற் பதிப்பையும் 1991இல் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டபோது அவர் முன்னிருந்த கேள்வி, தன் உழைப்பைப் பொதுவில் வைக்கிற ஒருவனுடைய நிரலை, வியாபாரி எவனாவது எடுத்துப் பூட்டிவைத்து அதைத் தன் சொந்தச் சரக்காக விற்றுவிடாமல் தடுப்பது எவ்வாறு என்பதே. அவர் கண்ட உபாயம், பதிப்புரிமைச் சட்டத்தையே எதிர்த்திசையில் உபயோகிப்பதாகும். இந்த நிரலை யார் வேண்டுமானாலும் எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விலைக்கும் விற்கலாம். ஆயினும், கொடுக்கிறவன் யாரோ அவன், தான் பெற்ற அதே உரிமைகளை வாங்குகிறவனுக்கும் மூலநிரலோடு கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால், அந்தக் கணமே அவனுடைய அநுமதி ரத்தாகிவிடும். காப்பிலெஃப்ட் என்று இதற்குப் பெயர். பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலை மறு ஆண்டே இந்த உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டி.வி., ஆண்ட்ராய்டு போன் என்று நம் வீடுகளில் நிறைந்துள்ள கருவிகளுள் மிகப் பலவற்றில் இன்று ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

சந்தேகமுள்ளவர்கள் தங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் சென்று, போனைப் பற்றிய விவரங்களைத் திறந்து, ‘சட்டத் தகவல்’ என்பதன் கீழ் உரிமங்களின் பட்டியலைப் பார்க்கட்டும். விரல் ஓயும் வரையில் தள்ளினாலும் அந்தப் பட்டியல் முடியாது. எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் எழுதியவை அவை. அவர்களில் பலர் இராப்பொழுதுகளில் கூலியில்லாமல் எழுதியவர்கள். அந்த நிரல்களின்மேல் தன் முத்திரையைக் குத்தி விற்கிற கம்பெனியிடம் அவர்களுள் ஜி.பி.எல்.காரர்கள் கேட்பது பணமன்று. எடுத்ததைப் போலவே கொடு என்ற ஒரே ஒரு நிபந்தனைதான். அதையும் நிறைவேற்றாமல் லாபத்தை மாத்திரம் எண்ணிக்கொள்வதற்கு, ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் கிராமத்தார் சொல்லும் வசனத்தைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மூலநிரல் கைக்கு வருவதால் சாமானியனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். லிங்க்ஸிஸ் கம்பெனியின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரின் சரித்திரம் இதற்கு விடை சொல்லும். அதனுள் லினக்ஸ் இருப்பதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்து மூலநிரலைக் கேட்டார்கள். லிங்க்ஸிஸை அப்போதுதான் விலைக்கு வாங்கியிருந்த சிஸ்கோ, கேள்விகள் வலுத்தபின் அதை வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு மறு ஆண்டு தொடங்கிய ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம், இன்று எத்தனையோ கம்பெனிகளின் பழைய ரவுட்டர்களுக்கு மறுவாழ்வு தருகிறது. ஒரு கருவியை விற்றுச் சில ஆண்டுகள் ஆனதும் அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதைக் கம்பெனி நிறுத்திவிடுகிறது; கருவியோ பழுதில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கிறது; உள்ளே திறந்து கிடக்கிற ஓட்டைகள் வழியாக எவன் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற நிலைமை ஏற்படுகிறது. மூலநிரல் இருக்குமாயின், கம்பெனி கைவிட்டதை வேறொருவர் கையிலெடுக்கலாம். இல்லையேல், நல்ல கருவியைக் குப்பையில் எறிந்துவிட்டு, மறுபடியும் லாரன்ஸ் சாலைக்குப் போய் ஆயிரத்துச் சொச்சம் கொடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கடற்கரைக்கு நெருக்கமான மற்றொரு திருஷ்டாந்தமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தையும் சாமியார்பேட்டையையும் வாரிச் சுருட்டிய அதே அலை இலங்கையின் கரையையும் அழித்தபோது, காணாமற்போனவர்களின் பெயர்களையும் முகாம்களின் கணக்கையும் வந்து குவியும் உதவிப் பொருள்களையும் ஒழுங்குபடுத்துவதற்காக, இலங்கை நிரலாளர்கள் ஒன்றுகூடி எழுதிய ‘சஹானா’ என்ற மென்பொருளை ஜி.பி.எல். குடும்பத்தைச் சேர்ந்த எல்.ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். அதனால் 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும், 2006இல் பிலிப்பைன்ஸில் மலை சரிந்தபோதும் அது அங்கே சென்று உதவிற்று. எவரிடமும் விலை பேசவேண்டியிருக்கவில்லை. எவருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவேண்டியிருக்கவில்லை. ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலப் பரிசை அதற்கே அளித்தது.

இனி, சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். நம் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பாவிக்கிறது. உரிமையாளனின் அநுமதியின்றி, அல்லது அவன் விதித்த நிபந்தனையை மீறி, அதைப் பிரதியெடுத்து விற்பது குற்றம். திருட்டுப் பிரதியென்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் உபயோகிக்கிறவனுக்குங்கூட, 63பி என்ற பிரிவு, 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கட்டற்ற மென்பொருளை எழுதியவனுக்கு ஒரு சட்டம், காசுக்கு விற்பவனுக்கு ஒரு சட்டம் என்று அதில் பேதம் எதுவும் இல்லை. பேதமெல்லாம் நடைமுறையில்தான். சினிமாப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பவர்களை ‘வீடியோ கொள்ளையர்’ என்று பெயரிட்டு, 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. பேருந்து நிலையத்து நடைபாதையில் திருட்டு வி.சி.டி. விற்ற இளைஞனை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்க அதிகாரம் பெற்றிருக்கும் அதே ராஜாங்கத்தின் கண்ணெதிரில், ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் பதிப்புரிமையை மீறிய கருவிகளை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்து, வரி செலுத்தி, ரசீதும் போட்டு விற்கிற ஒரு கம்பெனி, தன் ஆண்டறிக்கையில் அறிவுசார் சொத்துரிமையின் மேன்மையைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம். குண்டர் சட்டத்தை இவர்கள்மேலும் ஏவவேண்டுமென்பது என் கட்சியன்று. நடைபாதைக்காரன்மேல் ஏவியதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரே குற்றத்தைச் செய்தவர்களில், வியாபாரத்தின் அளவைப் பார்த்து ஒருவனைத் திருடனென்றும் மற்றவனைத் தொழிலதிபரென்றும் அழைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்பதே கேள்வி.

கம்பெனிகளின் தரப்பிலும் ஒரு சமாதானம் உண்டு. அதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நாம் வாங்கும் ரவுட்டரில் சில்லைச் செய்வது தைவானிலோ சீனாவிலோ இருக்கிற ஒரு கம்பெனி. அந்தச் சில்லுக்கேற்ப லினக்ஸைத் திருத்துவதும் அதுவே. சில்லை வாங்கிப் பலகையில் பதித்துக் கருவியாக்குகிறவர் ஷென்ஜென் நகரத்திலிருக்கும் வேறொருவர். மூன்றாவதாக வருகிற கம்பெனி, அந்தக் கருவிமேல் தன் பெயரை ஒட்டி, டெல்லியிலோ மும்பையிலோ இறக்கி, நம் ஊர்க் கடைக்கு அனுப்புகிறது. பெயர் ஒட்டியவரிடம் மூலநிரலைக் கேட்டால், தமக்கே வந்து சேரவில்லை என்கிறார். அநேக சந்தர்ப்பங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. எழுதியவர்களைப் போய்க் கேளுங்கள் என்று கையை விரிக்கிறார்.

இந்தப் பதிலைச் சிதம்பரத்தார் முன்னமேயே கேட்டிருக்கிறார்கள். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையினுள் கைம்முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்ததையும், அறையைத் திறக்கச் சொன்ன சோழ மன்னனிடம், முத்திரையிட்ட மூவரே நேரில் வந்தாலன்றித் திறப்பதற்கில்லை என்று தில்லைவாழ் அந்தணர்கள் சொன்னதையும், மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறப்பித்ததையும், உள்ளே புற்று மூடிக் கிடந்த சுவடிகளில் செல்லரித்தவை போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்ததையும் திருமுறைகண்ட புராணம் விவரிக்கிறது. பாடியவர்கள் ஊர் ஊராக நடந்து எல்லார்க்குமாகப் பாடியவை அறைக்குள் கிடந்து மண்ணாகின. இந்தக் கதையில் என் கவனத்தை ஈர்ப்பது, கேட்டவன் மன்னனாக இருந்தான் என்பது. வேறு எவனாவது கேட்டிருந்தால், மூவரை அழைத்துவா என்ற பதிலோடு விஷயம் முடிந்துபோயிருக்கும்.

வெளிநாடுகளில் நீதிமன்றம் ஏறிக் கேட்டவர்கள் உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் வெல்ட்டே என்ற நிரலாளர் 2004இல் மூனிக் நீதிமன்றத்தில் ஸைட்காம் கம்பெனிமேல் தடையுத்தரவு பெற்று, இந்த உரிமம் செல்லுபடியாகும் என்பதை நிலைநாட்டினார். அமெரிக்காவில் பிஸிபாக்ஸ் என்ற சிறு மென்பொருளை ஆக்கியவர்கள் சார்பில் 2007இல் முதல் வழக்கு தொடுக்கப்பட்டது. எவ்வளவோ காலம் பேசிப் பார்த்தும் பயனில்லாமல், 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோமேலேயே வழக்குப் போட்டது. மறு ஆண்டு மே மாதத்தில், உரிம நிபந்தனைகள் நிறைவேறுவதைக் கண்காணிக்கத் தனியே ஓர் அதிகாரியை நியமிப்பதாக ஒப்புக்கொண்டு சிஸ்கோ சமாதானமாகியது. இவையெல்லாம் நிரலை எழுதியவர்கள் தொடுத்தவை. 2021இல் விஸியோ என்ற டி.வி. கம்பெனிமேல் கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கோ, எழுதியவன் மட்டுமல்ல, டி.வி.யை வாங்கியவனும் மூலநிரலைக் கேட்கும் பாத்தியதை உடையவன் என்ற வாதத்தை முன்வைத்தது. வழக்குத் தொடுத்த ஸ்தாபனம் நஷ்டஈடு கேட்கவில்லை, மூலநிரலைத்தான் கேட்டது. பணத்தில் கண்வைத்து இந்த உரிமத்தைக் கருவியாக்கிக்கொண்டவர்களும் இல்லாமலில்லை. நெட்ஃபில்டர் என்ற நிரற்குழுவில் முக்கியமாக இருந்த ஒருவர், ஜெர்மனியில் கம்பெனிகளை மிரட்டித் தொகை வசூலித்துக்கொண்டிருக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததால், 2016இல் அந்தக் குழுவே அவரை விலக்கி வைத்தது. அப்படிச் செய்தது சரியே.

மூனிக்கும் கலிபோர்னியாவும் நமக்கு வெகு தூரம். கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பெட்டியிலிருந்த வாக்குறுதித் தாளையும் தாம் எழுதிய கடிதங்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் மனுப் போடலாம். விற்ற பொருளோடு தருவதாகச் சொன்ன ஒன்றைத் தர மறுப்பது சேவைக் குறைபாடுதான் என்று வாதாடுவதற்கு 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது என் எண்ணம். வழக்கறிஞர் எவரேனும் முயன்று பார்த்தால் சந்தோஷமே. ஆயினும், ஆயிரம் ரூபாய்க் கருவிக்காக ஆணையத்தின் படியை எத்தனை முறை ஏறுவார் ஒருவர்? இங்கே கேட்கவேண்டிய இடத்தில் இருப்பது, மொத்தமாக வாங்குகிற அரசாங்கம்.

தமிழக அரசுக்கு இந்த விஷயம் புதிதன்று. சி. உமாசங்கர், அரசின் மின்னணுக் கழகமாகிய எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே, அந்த அலுவலகம் லினக்ஸுக்கும் ஓப்பன்ஆபீஸுக்கும் மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து ஆக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்து மாணவர்களின் கைக்குப் போயிற்று. 2015இல் மத்திய அரசும் தன் இலாகாக்களில் திறந்த மூல மென்பொருளை மேற்கொள்வதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. 2025ஆம் வருஷத்து மாநில பட்ஜெட்டில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ கொடுக்கப்படும் என்று அறிவிப்பாயிற்று. லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியை ஒரு மாணவியின் கையில் கொடுக்கிற அரசாங்கம், உபகாரம் செய்கிற ஸ்தானத்தில் மாத்திரம் நிற்கவில்லை. நிரலை விநியோகிக்கிறவர் என்ற ஸ்தானத்திலும் நிற்கிறது. அந்தப் பெண் மூலநிரலைக் கேட்டால், எங்கே கிடைக்கும், எப்படிக் கிடைக்கும் என்று பதில் சொல்லும் கடமை அதற்கும் உண்டு. மேடையில் படம் எடுத்துக்கொள்கிறபோது இது யாருடைய நினைவிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மூலநிரலைப் படிக்கிறவர் யார் இருக்கிறார் என்று கேலியாகக் கேட்கிறவர்கள், பழைய தென்னாற்காட்டின் மறு பாதியாகிய விழுப்புரத்தைப் போய்ப் பார்க்கலாம். அங்கே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறது. தமிழில் இதற்கென்றே 2012 முதல் ‘கணியம்’ இதழ் வந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் படிக்கவேண்டுமென்பதில்லை, ஒரு மாவட்டத்துக்கு நாலு பேர் படித்தால், மற்றவர்களுடைய கருவிகளைப் பழுது பார்க்க அது போதும்.

ஆகவே டெண்டர் ஷரத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. மடிக்கணினியோ, பள்ளிகளுக்கு ரவுட்டரோ, செட்டாப் பாக்ஸோ, எதை அரசு வாங்கினாலும், அதிலுள்ள காப்பிலெஃப்ட் நிரல்கள் அனைத்தின் முழுமையான மூலநிரலும், ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பிலேயே சொல்லியிருக்கிறபடி, அதைத் தொகுக்கவும் நிறுவவும் வேண்டிய கட்டளைக் கோப்புகளோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணைப் பணம் கொடுக்கப்படும் என்று எழுதவேண்டும். சில்லுக்காரன் தரவில்லை என்ற சமாதானம் அப்போது எடுபடாது. பல லட்சம் கருவிகளுக்கான ஆர்டரைக் கையில் வைத்திருக்கிற கம்பெனி கேட்டால் சில்லுக்காரன் கொடுப்பான். ஒப்படைத்தது முழுமையானதுதானா என்பதைச் சோதிக்கும் முறையும் எளியதே: அந்த மூலநிரலை மாத்திரம் வைத்துக்கொண்டு, கம்பெனியின் உதவியில்லாமல் ஒருவர் தொகுத்து, அதே கருவியில் ஏற்றி, கருவி உயிர்பெறுகிறதா என்று பார்க்கவேண்டும். அரைகுறையாகக் கொடுத்தவர்கள் அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவி, 2013 முதல் அரசின் நேரடிப் பொறுப்பிலிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், கணினிப் பொறியியல் துறையும் ஆய்வுக்கூடங்களும் கடைசி வருஷப் பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்களும் இருக்கிறார்கள். டெண்டரில் தேறிய ஒவ்வொரு மாடலிலும் இரண்டு கருவிகளையும் கம்பெனி கொடுத்த மூலநிரலையும் அண்ணாமலைநகருக்கு அனுப்பி, மாணவர்கள் தொகுத்துப் பார்த்து, தேறிற்று அல்லது தேறவில்லை என்று துறைத்தலைவர் கையொப்பமிட்ட ஓர் அறிக்கை வந்த பின்னர் எல்காட் பில்லைப் பாஸ் செய்யட்டும். தேறிய மூலநிரலின் பிரதியொன்று பல்கலைக்கழக நூலகத்திலேயே இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கு அங்கேயே பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.